பாளையங்கோட்டையா, அபிஷேகப்பட்டியா? பி.எஸ்சி. சேருமுன் பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும், 1971-ல் வந்த சதக்கத்துல்லா அப்பா கல்லூரியும் தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம் எல்லாம் அவர்கள் கையில். ஆனால் பட்டச் சான்றிதழில் இருப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதனால் 'எந்தப் பெயருக்கு மதிப்பு' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டியது, கிடைத்திருப்பது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்பது. ஒரே வளாகம், ஒரே பட்டம். கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். விண்ணப்பத்தில் இதைக் கவனிக்காமல் டிக் போட்டுவிட்டுப் பணம் கட்டும்போது திகைப்பவர்கள் அதிகம்.

அடுத்து ஆய்வகம். இயற்பியல் என்றால், ஒளிக்கதிர் விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் திருப்பிப் பாருங்கள். வெர்னியர் அளவுகோல் மங்கி, திருகு இறுகிக் கிடந்தால் அங்கே செய்முறை ஏட்டில்தான் நடக்கிறது. ஒரு கருவிக்கு இரண்டு பேருக்கு மேல் நின்றால் மூன்றாமவர் கை படாது.

தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து நடுவில் மாறுவது சிரமம். தாள்கள் பொருந்தாது, விடுபட்டதைத் தனியாக எழுத வேண்டிவரும். அசல் சான்றிதழை நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. சரிபார்த்ததும் கேட்டு வாங்குங்கள்.

அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகம் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் ஏற்றது. தென்காசி சாலையில், திருநெல்வேலி ஊரைத் தாண்டி இருப்பதால் விடுதியையும் கடைசிப் பேருந்தையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இளங்கலைக்கு என் ஓட்டு பாளையங்கோட்டைக்கே, உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால்.