வெள்ளி என்று விற்றார்கள், வந்தது பித்தளை: நினைவுப் பதக்கம் வாங்குவோர் கவனிக்கவும்

சோழர் பெயரில் "குறைந்த எண்ணிக்கை வெளியீடு" என்று சொல்லி வெள்ளிப் பதக்கம், தங்கப் பதக்கம் விற்கும் தனியார் விளம்பரம் உங்களுக்கு வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் வேலை இதே மாதிரிதான் இருக்கும்.

2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவில் ராஜேந்திர சோழன் நினைவு நாணயத்தைப் பிரதமர் வெளியிட்டார். அந்தச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் என் கைப்பேசிக்கு இந்த விளம்பரம் வந்தது. மேலே பெரிய எழுத்தில் "சோழர் நினைவு நாணயங்கள்". அடியில் பொடி எழுத்தில் "பதக்கத் தொகுப்பு". மொத்தம் 12 பதக்கங்கள், மாதம் ஒன்றாக அனுப்புவார்கள், ஒன்று 4,499 ரூபாய். விஜயாலயனில் தொடங்கி ராஜராஜன், ராஜேந்திரன், குலோத்துங்கன் என்று வரிசை போகிறது. 5,000 தொகுப்புகள் மட்டும், எண்ணிட்ட சான்றிதழ், தேக்குப் பெட்டி. படத்தில் பார்த்தால் வேலைப்பாடு நன்றாகவே இருந்தது. புலிக்கொடியும் விமானமும் கண்ணை இழுத்தன.

நான் பல வருடங்களாக நாணயம் சேர்க்கிறவன். 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாயில் ஆரம்பித்த பழக்கம் இது. 15 கிராம் எடை, 80 சதவீத வெள்ளி, அப்பா கொடுத்தது. அதனால் படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டவில்லை. "முழு வெள்ளியா, முலாமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "முழு வெள்ளிதான் சார், 999 சுத்தம், ஒரு அவுன்ஸ்" என்று விற்பனைப் பிரதிநிதி பதில் எழுதினார். "இரண்டு வருடத்தில் விலை இரட்டிப்பாகும், வேண்டாம் என்றால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்றும் எழுதினார். பதக்கத்தின் மேல் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை என்று காட்டும் ஒரு வீடியோவையும் அனுப்பினார்.

அந்த வீடியோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதில்தான் விழுகிறார்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது, உண்மைதான். பித்தளையிலும் ஒட்டாது. செம்பிலும் ஈயத்திலும்கூட ஒட்டாது. உள்ளே இரும்பு இல்லை என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. விற்கிறவரே காந்தத்தை எடுத்துக் காட்டினால் சந்தேகம் கூடத்தான் வேண்டும்.

பார்சல் வந்தது. பெட்டி கனமாக இருந்தது, நீல வெல்வெட், பளபளவென்று பதக்கம். தராசில் வைத்தால் 31.1 கிராம். தங்கம், வெள்ளி நிறுக்கும் டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம்தான். இந்த எடை தற்செயலாக அமைந்ததில்லை. எடையை மட்டும் பார்ப்பவர் சரியாக இருக்கிறதே என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். அதற்காகவே அளந்து அடித்திருக்கிறார்கள்.

எனக்கு இடித்தது விட்டமும் தடிப்பும். ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு அது சற்றுப் பருமனாக இருந்தது. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். பித்தளை 8.5 பக்கம். அப்படியென்றால் அதே எடைக்குப் பித்தளை அதிக இடத்தை அடைக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம், நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துத் தராசில் வைத்து, எண்ணை பூஜ்யம் ஆக்கிக்கொள்ள வேண்டும். பதக்கத்தைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அடியிலோ ஓரத்திலோ படக் கூடாது; காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டி விரட்டிவிட வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், இப்போது தராசு காட்டும் எண்தான் பதக்கத்தின் கன அளவு. பதக்கத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

வெள்ளியாக இருந்திருந்தால் தராசு 2.96 அல்லது 2.97 காட்டியிருக்க வேண்டும். காட்டியது 3.65. வகுத்தால் 8.52. நூலை மாற்றி, தண்ணீரை மாற்றித் திரும்பவும் பார்த்தேன். அதே எண்தான்.

மறுநாள் மதுரை தெற்காவணி மூல வீதியில் எனக்குப் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், விளிம்பில் யாரும் கவனிக்காத ஒரு இடத்தில் அரத்தை இரண்டு இழு இழுத்தார். வெள்ளைக்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. "தம்பி, இது பித்தளை. மேல வெள்ளி முலாம் போட்டுருக்கான். முலாமும் ரொம்ப மெல்லிசு" என்றார். பக்கத்துக் கடையில் எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் வைத்தபோதும் வெள்ளியோடு, பித்தளையில் கலக்கும் செம்பும் துத்தநாகமும் வந்தன. இந்த இயந்திரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். முலாம் தடிப்பாக இருந்தால் முழு வெள்ளி என்றே காட்டிவிடும். அதனால் இயந்திரச் சீட்டு ஒன்றை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், அடர்த்தியையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். அசல் கயமை அங்கேதான் இருக்கிறது.

சான்றிதழில் தங்க நிற முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் இருக்கிறது. என்ன உலோகம் என்று ஒரு வார்த்தை இல்லை. "எங்கள் தர அளவுகளின்படி தயாரிக்கப்பட்டது" என்று அந்த நிறுவனமே தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்று அது. கூட வந்த விளக்கத் தாளில் "999 தூய வெள்ளியால் அடுக்கப்பட்டது" என்று ஒரு வரி. அடுக்கப்பட்டது என்றால் மேலே பூசியது. ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி என்ற அந்த எண் முலாமைப் பற்றியது, பதக்கத்தைப் பற்றியது இல்லை. 5,000 தொகுப்பு என்ற வரம்பும் அப்படித்தான். ஒவ்வொரு மெருகுக்கும் தனித்தனியாக 5,000 என்று அடிக்குறிப்பு சொல்கிறது. வெள்ளி மெருகு, தங்க மெருகு, பழமை மெருகு என்று மூன்று இருக்கின்றன. நான்காவது வராது என்று எங்கும் எழுதவில்லை.

பில்லைப் பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, காரணம் இதுதான். ஜி.எஸ்.டி. பில்லில், பொருள் எந்த வகை என்று காட்டும் எச்.எஸ்.என். எண் போடுவார்கள். தங்கம், வெள்ளி போன்ற விலையுயர்ந்த உலோகங்களும் அவற்றால் செய்த பொருட்களும் 71ஆம் அத்தியாயம்; அந்த எண் 71 என்று ஆரம்பிக்கும். எனக்கு வந்த பில்லில் 83 என்று ஆரம்பித்தது. 83 என்பது சாதாரண உலோகப் பொருட்களின் அத்தியாயம். அதாவது வாடிக்கையாளரிடம் வெள்ளி என்றார்கள், அரசாங்கத்திடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளி என்று சொல்லி வாங்கியவர்கள் தராசு எடுப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 71 இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. 83 இருந்தால் கண்டிப்பாகக் கேள்வி கேளுங்கள்.

இதே தொகுப்பின் தங்க மெருகுப் பதக்கம் இன்னும் விலை அதிகம். "24 கேரட் தங்கம்" என்று போட்டிருக்கிறார்கள். 40 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு பதக்கத்துக்கு 0.1 மைக்ரான் தங்க முலாம் பூச எவ்வளவு தங்கம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கிராமில் நூற்றறுபதில் ஒரு பங்குகூட வராது. அந்தத் தங்கத்தைத் திரும்ப எடுக்க எந்தத் தட்டாரும் அடுப்பு மூட்ட மாட்டார். முழுத் தங்கம் என்று விற்கும் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தண்ணீர்ச் சோதனை தங்கத்துக்குப் போதாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, போலித் தங்கத்துக்குள் வைக்கும் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25. இரண்டையும் வீட்டுத் தராசால் பிரித்துச் சொல்ல முடியாது. தங்கம் என்றால் தூய்மையைச் சோதிக்கும் மதிப்பீட்டு மையத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில், "சீல் உடைத்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது". பெட்டியைத் திறக்காமல் பித்தளையா வெள்ளியா என்று யார் பார்ப்பது? வாட்ஸ்அப் பதிலின் படத்தை அனுப்பியதும், "அந்தப் பிரதிநிதி இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை" என்றார்கள். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்குறுதியைக் கேட்டால், தொகுப்பின் 12 பதக்கங்களும் முழுமையாக இருந்தால்தான் பரிசீலிப்போம் என்றார்கள். பித்தளைக்காக ஏறத்தாழ 54,000 ரூபாய் முழுவதையும் கட்டி முடித்த பிறகுதான் பேச்சே. இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது மாதத் தொகை கார்டிலிருந்து போய்விட்டது. முதல் பணம் கட்டிய பக்கத்தில், மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் என்ற கட்டத்தை அவர்களே டிக் செய்து வைத்திருந்தார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இதைத் தடை செய்கின்றன. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி குறுஞ்செய்தி அனுப்பியே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செய்தி வந்தது, ஆனால் அதில் பதக்க நிறுவனத்தின் பெயர் இல்லை, சம்பந்தமில்லாத வேறொரு பெயர் இருந்தது. வங்கிச் செயலிக்குள் போய் அந்தத் தானியங்கி ஒப்புதலை ரத்து செய்தேன். உங்களுக்கும் இப்படி ஓடிக்கொண்டிருந்தால் நிறுவனத்திடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் முதலில் வங்கியில் நிறுத்துங்கள்.

நாணயம், பதக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. இந்தியாவில் நாணயம் அடிக்கும் உரிமை 2011 நாணயச் சட்டப்படி மத்திய அரசுக்கு மட்டும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு அரசு ஆலைகளில்தான் அடிக்கிறார்கள். நினைவு நாணயம் ஒவ்வொன்றுக்கும் அரசிதழில் அறிவிக்கை வரும். எடை, விட்டம், உலோகக் கலவை, விளிம்பில் எத்தனை கோடுகள் என்பது வரை அதில் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம், 44 மில்லிமீட்டர், 80 சதவீத வெள்ளி, 20 சதவீதச் செம்பு. பல வருடங்களாக வந்த 100 ரூபாய் நினைவு நாணயங்களில் வெள்ளி பாதிதான், மீதி 40 சதவீதம் செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். பாதிதான் வெள்ளி என்பதை அரசு மறைக்கவில்லை. முன்பதிவு செய்தால் வந்து சேர மாதக் கணக்கில் ஆகும், அது ஒரு எரிச்சல்தான். ஆனால் சொன்ன உலோகம் வரும்.

பதக்கத்துக்கு இப்படி எந்த அறிவிக்கையும் கிடையாது. அச்சு வைத்திருக்கிற யாரும் அடிக்கலாம், வைத்ததுதான் விலை. முழு வெள்ளியாகவே இருந்தாலும் விற்கப் போகும்போது பெரும்பாலும் எடைக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவில் 1964இல் ஜோசப் சீகல் தொடங்கிய பிராங்க்ளின் மின்ட், 1970களில் மாதத் தவணையில் ஏராளமான ஸ்டெர்லிங் வெள்ளிப் பதக்கங்களை விற்றது. 92.5 சதவீத அசல் வெள்ளி. அப்படியிருந்தும் 1980 ஆரம்பத்தில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது நிறையத் தொகுப்புகள் உருக்கும் உலைக்குத்தான் போயின. பிடித்த உருவம், நல்ல வேலைப்பாடு என்று ஆசைப்பட்டு வாங்குவது வேறு; அதில் எந்தத் தப்பும் இல்லை. முதலீடு என்று ஒருவர் பதக்கத்தை விற்க வந்தால், அன்றைய வெள்ளி விலையை எடையால் பெருக்கி, அவர் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

என் புகார் எங்கே நிற்கிறது என்றால்: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு இரண்டாவது மாதத் தொகை மட்டும் திரும்பி வந்தது. முதல் பதக்கத்துக்கு "விவரித்தபடியே அனுப்பினோம்" என்று பதில் கொடுத்தார்கள். அதன் பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மாவட்ட ஆணையத்துக்கு மனு போட்டேன். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல விற்பனையாளருக்கு உரிமை கிடையாது என்று மேலே சொன்ன மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

இதே தொகுப்பை வாங்கியவர்கள் பில், பெட்டி, விளக்கத் தாள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். எனக்கு வந்த விளம்பரப் பக்கம் புகார் போன பிறகு மறைந்துவிட்டது, படம் எடுத்து வைத்திருந்ததால்தான் மனுவோடு இணைக்க முடிந்தது. ஆசாரியிடம் அரம் போடச் சொல்வதற்கு முன் பதக்கத்தை இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்பார்கள். தண்ணீர்ச் சோதனையைத் தராசு எண் தெரியும்படி வீடியோ எடுங்கள். உங்கள் பில்லிலும் எண் 83 என்று ஆரம்பித்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.