காலைத் தொடாமலே ஒரு எக்ஸ்ரே

விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் படியிறங்கும்போது கணுக்கால் மடங்கி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி பதிவு மேசையில் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், “சுளுக்கா? முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துருங்க” என்றார்கள். டாக்டர் இன்னும் காலைப் பார்க்கவே இல்லை!

நான் இருக்கும் கனடாவில் 1992இல் வந்த ஒட்டாவா விதிகள் என்று ஒன்று உண்டு. கணுக்காலின் இரு பக்கமும் எலும்பின் நுனியையும், அதிலிருந்து 6 செ.மீ. வரை பின்விளிம்பையும் விரலால் அழுத்துவார்கள். பாதத்தில் வலி என்றால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதியையும், உட்பக்க மேட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அழுத்தினால் எலும்பில் வலி இல்லை, ஊன்றி நான்கு அடி வைக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. ஒரு நிமிட வேலை. (அந்த ஒரு நிமிடத்துக்கு அங்கே அவசரப் பிரிவில் அரைநாள் காத்துக் கிடக்கணும், அது வேறு விஷயம்.) “நடந்துதானேம்மா வந்தேன்” என்றேன். அந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்று படம் சொன்னது. எலும்புகளை இணைக்கும் நாரான லிகமெண்ட் கிழிந்திருக்கிறதா என்று அந்தப் படம் சொல்லாது.

அப்புறம் பிசியோதெரபி அறை. அன்றைக்கே! கனடாவில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சின்ன வயசுப் பெண், அவசரமே படாமல் அழுத்திப் பார்த்து, வெளிப்பக்க லிகமெண்ட் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு வேலையில்லை என்றார். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கணும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கணும், விரல் மரத்துப்போனால் காலில் சுற்றிய பேண்டேஜைத் தளர்த்தணும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் “படுத்தே இருக்காதீங்க சார். கணுக்காலைப் பிடிச்சுக்கற பிரேஸ் உறை போட்டுக்கிட்டு, பொறுக்கற அளவுக்கு ஊன்றி நடங்க” என்றாரே, அதைக் கேட்டு உடன் வந்த சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது.

வலி குறைந்த பிறகு ஒற்றைக்காலில் நிற்கணும், முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. கணுக்காலின் சமநிலை உணர்வும் அடிபட்டிருக்கும், அதை மீட்காவிட்டால் அதே கால் மறுபடி மடங்கும் என்று நின்று காட்டியே விளக்கினார். இவரை அந்தப் பதிவு மேசையில் உட்கார வைத்தால் என்ன?

கனடா திரும்பியதும் பிசியோவுக்கு நேரம் கேட்டேன். கொடுத்த தேதிக்குள் கால் தானாகவே ஆறிவிடும் போலிருக்கிறது. ஊரில் அந்த பிசியோ பெண் எழுதிக் கொடுத்த தாளை வைத்துத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ரப்பர் பட்டையைப் பாதத்தால் வெளிப்பக்கம் தள்ளும் பயிற்சி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.