செங்கோட்டை மூச்சுப் பரிசோதனை: சில்லில் குறையில்லை, செய்முறையில் உண்டு

நுரையீரல் புற்றுநோயின் அறிகுறியை மூச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற விளம்பரத்துடன், செங்கோட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் 900 ரூபாய்க்கு ஒரு சோதனை நடத்துகிறது. நெடுங்காலம் பீடி புகைத்தவரும் சில மாதங்களாக விடாத இருமலால் அவதிப்படுபவருமான என் சித்தப்பாவைச் சாரல் காலத்தில் அங்கே அழைத்துச் சென்றிருந்தேன்.

விளம்பரத்தின் அடிப்படை பொய்யன்று. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 250 சேர்மங்கள் இருப்பதை 1971-இலேயே வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழுவினர் காட்டினார்கள். புற்றுநோய் உள்ளவர்களின் மூச்சில் ஹெக்சனால், நோனனால் போன்ற, ஆல்டிஹைடு என்னும் வகை கரிமச் சேர்மங்களின் அளவு மாறுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவை இருப்பதோ நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான். அந்த நுண்ணிய அளவைப் பிடிக்கவே கிராஃபீன் போன்ற இருபரிமாணப் பொருள்களை, அதாவது ஓரிரு அணுக்களின் தடிமனே உள்ள தாள் போன்ற பொருள்களை நாடுகிறார்கள். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்த கிராஃபீன், ஒரே ஓர் அணு தடிமன் கொண்ட கார்பன் தாள். அதன் அணுக்கள் அனைத்தும் மேற்பரப்பிலேயே இருப்பதால், வந்து ஒட்டும் வாயு மூலக்கூறு சிறிது மின்னூட்டத்தைக் கொடுத்தாலும் எடுத்தாலும் மின்தடை மாறிவிடுகிறது. வாயுவை உணரும் பழைய வெள்ளீய ஆக்சைடு உணரிகளைச் (சென்சார்) சில நூறு டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். இருபரிமாணப் பொருள்களாலான உணரிகளில் பல அறை வெப்பத்திலேயே வேலை செய்வதால் கருவி கைக்குள் அடங்குகிறது.

கிராஃபீனும், மாலிப்டினம் டைசல்பைடு என்ற இன்னொரு இருபரிமாணப் பொருளும் பூசிய சில்லு (சிப்) தங்கள் கருவியில் இருப்பதாக ஊழியர் விளக்கினார். “அண்ணாச்சி, நல்லா மூச்ச இழுத்து மெதுவா ஊதுங்க” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஊதுகுழாயும் உறை பிரிக்காத புதியது. இவை பாராட்டத்தக்கவை.

குறை அந்த அறையில் தொடங்குகிறது. நாங்கள் நுழைந்தபோது தரையை ஃபினாயில் ஊற்றித் துடைத்து முடித்திருந்தார்கள், ஈரம்கூடக் காயவில்லை. ஃபினாயிலின் ஆவியையும் நோயாளியின் மூச்சையும் பிரித்தறிய வேண்டுமானால், முதலில் அறைக் காற்றை அளந்து கழித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கடைசியாக எப்போது புகைத்தார், காலையில் என்ன சாப்பிட்டார் என்ற கேள்விகளும் இல்லை. சித்தப்பாவோ வாசலில் டீ குடித்த கையோடு உள்ளே வந்தவர். மூச்சு ஏற்கெனவே நீராவி நிறைந்தது, அந்த ஈரப்பதமே இவ்வகை உணரிகளுக்குப் பெரிய தொல்லை. சாரலில் ஊரே நனைந்து கிடக்கும் பருவத்தில் ஈரத்தை நீக்க என்ன ஏற்பாடு என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

சற்று நேரத்தில் ஒரு தாள் வந்தது. அதில் பச்சைக் கட்டத்தில் ‘குறைந்த ஆபத்து’ என்று மட்டுமே இருந்தது. எந்தச் சேர்மம், எவ்வளவு, பிழை எத்தனை விழுக்காடு என்று எதுவும் இல்லை. இதையும் பொறுத்துக்கொள்ளலாம். “இனி ஸ்கேன் எல்லாம் வேண்டாம்” என்று வாய்மொழியாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இருமல் பொதுவானது. பீடி சுற்றுவோரும் புகைப்போரும் நிறைந்த எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தை ஒருவரைப் பல மாதங்கள் வீட்டில் உட்கார வைத்துவிடும்.

அறிகுறி இல்லாத, அதிகம் புகைத்தவர்களுக்கான முன்சோதனையில் இறப்பைக் குறைப்பதாக நிரூபணமானது குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன்தான். சுமார் 53,000 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. இருமல் தொடங்கிவிட்டவருக்கோ முன்சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு நேரடியாக மருத்துவரின் பார்வை வேண்டும். நாங்கள் பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் மூன்றையும் எழுதிக் கொடுத்தார்.

இருமலோ, சளியில் இரத்தமோ, எடைக் குறைவோ உள்ள எவரும் இந்தச் சோதனைக்கு 900 ரூபாய் செலவிட வேண்டாம். தென்காசி அரசு மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போகும் வண்டிக்கு அந்தப் பணம் உதவும். அறைக் காற்றை அளந்து, அளவுகளைத் தாளில் அச்சிட்டு, ஸ்கேன் வேண்டாம் என்று சொல்வதையும் நிறுத்தினால் மறுபடி போய்ப் பார்த்து எழுதுவேன்.