வானிலைப் படப்புத்தகமும் அதோடு செய்த வேலைகளும்: ஒரு டீச்சரின் நீண்டநாள் அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி எல்.பி. (தொடக்கநிலை) ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வானிலையைப் பற்றிய ஒரு படப்புத்தகம் சில வருடங்களாகவே என் மேசையில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வானிலை. வெயில், மேகம், காற்று, மழை, இடி, மூடுபனி என்று போய்க் கடைசியில் பனிப்பொழிவு. வரிகள் மிகக் குறைவு, படங்கள் நன்றாக இருக்கின்றன. வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு அப்புறம் வகுப்பில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்காகச் சொல்லப்படும் செயல்பாடுகளில் பலவற்றைச் செய்து பார்த்துவிட்டேன். ஒரே பீரியடில் முடிந்து, போட்டோவில் அழகாக விழுபவை பெரும்பாலும் அடுத்த வருடம் தேறவில்லை. பிள்ளைகளைத் தினமும் வாசலுக்கு அனுப்பியவை இன்றும் ஓடுகின்றன.

முதலில் வானிலை நாட்காட்டி. இதை எல்லாரும் செய்வார்கள். எங்கள் ஊரில் இதற்குக் கொஞ்சம் திருத்தம் தேவைப்பட்டது. புத்தகத்தின் மழைப் பக்கத்தில் எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு குட்டைகளில் குதிக்கிறார்கள். கேரளத்தில் பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஜூன் முதல் வாரத்தையொட்டித்தான். ஆனால் நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் விட்டுப் போயிருக்கிறது. மேகத்தை மேலே தூக்கிக் குளிரவைக்க மலை இல்லாததால் அது எங்கள் தலைக்கு மேலே கோயம்புத்தூரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்குக் காற்றும் அவ்வப்போது தூறலும்தான் மிச்சம்.

நாட்காட்டியில் ஒட்டச் சூரியன், மேகம், மழை, பனித்துகள் என்று நாலு படங்கள் வைத்திருந்தேன். அந்த ஜூனில் எந்தப் படமும் பொருந்தவில்லை. "மழையா, இல்லையா" என்று தினமும் சண்டை. கடைசியில் ஒரு பையன் ஒரு பக்கமாகச் சாய்ந்த பனைமரத்தை வரைந்து, பக்கத்தில் நாலைந்து புள்ளி வைத்தான். "இதுதான் டீச்சர் இன்னைக்கு." அந்தப் படம் அப்படியே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே வரைகிறார்கள். அச்சடித்த அட்டைகளை இப்போது நான் எடுப்பதே இல்லை.

நாட்காட்டியில் அப்புறம் ஒரு கட்டம் சேர்த்தேன்: வானிலைத் துறை அறிவிக்கும் அன்றைய மழை எச்சரிக்கை நிறம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் கேரளப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம், ஏனென்றால் லீவு அதில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை மழையை எதிர்பார்த்தால் மஞ்சள், அதற்கு மேல் 204.4 வரை ஆரஞ்சு, அதையும் தாண்டினால் சிவப்பு. அறிவிப்பு மாவட்டம் முழுவதற்கும் வரும். மண்ணார்க்காட்டில் கொட்டும்போது எங்கள் வாசலில் வெயில் காயும். லீவு முடிந்து வந்ததும் நிறத்தையும் மழைமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "ஏன் டீச்சர் நமக்கு மட்டும் பெய்யல?" என்ற கேள்வி அங்கேதான் வரும். வந்தால் அன்று பாடம் தானாக நடந்துவிடும்.

மழைமானிக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி கவிழ்த்துவிடலாம். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் சரளைக்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சைபர் என்று குறிக்க வேண்டும். மேலே நேர்ச்சுவராக இருக்கும் இடத்தில் ஸ்கேல் ஒட்டினால் மில்லிமீட்டர் நேராகவே கிடைக்கும். எங்கள் காற்றுக்கு இதைச் சும்மா தரையில் வைக்க முடியாது. செங்கல் நடுவில் செருகி, கூரையை விட்டுத் தள்ளி வைக்கிறோம். வானிலைத் துறை காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறது. நாங்கள் முதல் பெல்லுக்கு எடுக்கிறோம்.

ஒரு மில்லிமீட்டர் என்பது பிள்ளைகளுக்கு வெறும் கோடுதான். அதனால் வராந்தாவில் நீள அகலம் ஒரு மீட்டராகச் சாக்பீஸில் சதுரம் போட்டு, அதில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பரவலாக ஊற்றச் சொல்வேன். ஒரு மில்லிமீட்டர் மழை அவ்வளவுதான். தரை நனைகிறது, குட்டை கட்டவில்லை. "இவ்வளவுதானா!" என்று ஒரு சத்தம் எழும் பாருங்கள், எந்தச் சார்ட்டிலும் அது வராது. ஒருமுறை ஒரு பெண் வந்து, "எங்க அம்மிச்சி ஒரு உழவு மழை பெஞ்சுதுன்னு சொன்னாங்க, பாட்டில்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். உழவு மழை என்றால் நிலத்தை உழப் போதுமான மழை. அன்றிலிருந்து வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அளவையும் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை, அதுவும் நல்லதுதான்.

காற்றுப் பக்கத்தில் புத்தகம் ஒரு பட்டத்தோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கோ காற்றுதான் முக்கியப் பாடம். கப்பற்படை அதிகாரி பியூஃபோர்ட் 1805இல் கண்ணால் பார்த்தே காற்றை 0 முதல் 12 வரை தரம் பிரித்தார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, நம்ம ஊர்த் தரத்தை அவர்களையே எழுதச் சொன்னேன். வேப்பிலை அசைந்தால் ஒன்று, பனையோலை சலசலத்தால் இரண்டு, வாழையிலை கிழிந்தால் மூன்று, கொடியில் போட்ட துணி வேலியில் போய் மாட்டினால் நான்கு. கொடிக்கம்பத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறோம். ஜூனில் கிழக்கே பறக்கும் ரிப்பன் மார்கழியில் மேற்கே பறக்கும். உதடு வெடிக்கவைக்கும் அந்த வறண்ட காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அப்போது கேட்டால் வகுப்பே கை நீட்டும். பனையோலைக் காற்றாடியை வேலமுள்ளில் குத்திச் செய்வதும் இந்தப் பக்கத்தோடுதான். முள்ளை நான் குத்திக் கொடுத்துவிடுவேன்.

இனி நான் விட்டுவிட்டவை. டம்ளர் தண்ணீரின் மேல் ஷேவிங் நுரை வைத்து, அதில் நீலச் சாயம் சொட்டி, "மேகத்திலிருந்து மழை" என்று காட்டுவார்களே, அது வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேகம் ஒரு தண்ணீர்ப் பை, நிறைந்தால் ஓட்டை விழும் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். சின்னச் சின்னத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து விழுவது அதில் எங்கே இருக்கிறது? அதற்குப் பதில் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சுடுதண்ணீர், உள்ளே ஊதுபத்திப் புகை, மூடியின் மேல் ஐஸ் என்று வையுங்கள். துளி படிவதற்குப் புகைத்தூள் வேண்டும் என்பதும் இதில் தெரிந்துவிடும். புகை இல்லாமல் ஒருமுறை, புகையோடு ஒருமுறை காட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சுடுதண்ணீர் டீச்சர் கையில் மட்டும்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் நீலத் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் ஒட்டும் நீர்ச்சுழற்சியை வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மார்ச்சில் மட்டும். மேகம் மூடிய ஆடியில் அது சும்மா தொங்கும், டேப்பும் நிற்காது. மார்ச் வெயிலில் பையின் மேல்பக்கம் துளிகள் கட்டும். அடியில் நீலம், மேலே நிறமில்லாத துளி. சாயம் ஏன் மேலே போகவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

உடுப்புப் பெட்டி விளையாட்டில் கையுறை, கம்பளித் தொப்பி எல்லாம் எங்களுக்கு எதற்கு? குடை, சாக்கை மடித்துப் போடும் கொங்காடை, வெயிலுக்குத் துண்டு என்று மாற்றியதும் வேலை செய்தது. பனிப்பொழிவுப் பக்கத்துக்கு மீன்காரர் பெட்டியிலிருந்து நொறுக்கிய ஐஸ் வாங்கினேன். வகுப்பு முழுக்க, "ஸ்னோ மீன் நாத்தம் அடிக்குது." இப்போது வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ்தான்.

எந்தச் செலவும் இல்லாதது விரல் மழை. ஒரு விரலால் பெஞ்சில் தட்டுவதில் தொடங்கி, இரண்டு, நான்கு, முழுக்கை என்று ஏற்றி, அப்படியே இறக்குவது. புத்தகத்தை வாசிக்கும்போதே செய்யலாம், சத்தம் போடும் வகுப்பை அடக்கவும் உதவும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் நிஜ இடி வரும். மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். இரண்டாம் வகுப்புக்கு வகுத்தல் தெரியாது, மூன்று மூன்றாக விரல் மடக்குகிறோம். கதவு ஜன்னலை விட்டுத் தள்ளி, வகுப்பின் நடுவில் உட்கார்ந்துதான்.

புத்தகத்தைப் பற்றிக் குறை என்றால், அட்டை பலவீனம். தையல் விட்டு, நான் இரண்டாவது பிரதி வாங்கியாயிற்று. பெரிய வகுப்பாக இருந்தால் வாங்கியதுமே முதுகில் துணி டேப் ஒட்டிவிடுங்கள்.