நின்றுபோன .22 இலக்குத் துப்பாக்கிகள்: கோல்ட், ஹை ஸ்டாண்டர்ட், ஹெமர்லி, வால்தர்

உற்பத்தி நின்றுபோன .22 (0.22 அங்குலத் தோட்டா) கைத்துப்பாக்கி ஒன்றை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பளபளப்பைப் பார்க்கிறார்கள், அப்புறம் குழலுக்குள் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "கூட எத்தனை மேகசின் வருகிறது?" என்றுதான். மேகசின் என்றால் தோட்டாக்களை அடுக்கிவைக்கும், கழற்றி மாட்டும் பெட்டி. குழலை நல்ல கைவினைஞர் புதிதாகச் செய்து தந்துவிடுவார். சரியாகத் தோட்டா ஊட்டும் அசல் மேகசினை அப்படிச் செய்துவிட முடியாது. இங்கே நான்கு பெயர்களையும் எடைபோடுவது பெரும்பாலும் அந்தக் கண்ணோடுதான். உரிமம், பதிவு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முடித்துவிட்டே விலை பேசுங்கள்.

முதலில் கோல்ட் வுட்ஸ்மேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1915ல் வந்தது, 1977ல் நின்றது. இதன் இலக்குப் போட்டி வடிவமான மேட்ச் டார்கெட் 1938ல் வெளியானது. முதல் வரிசை மேட்ச் டார்கெட்டின் மரப்பிடி ஒரே துண்டு வால்நட். இரண்டு பக்கமும் அகன்று விரிவதால் அதற்கு யானைக்காது என்றே பெயர். அந்தப் பிடி எளிதில் விரிசல் விடும். விரிசல் இல்லாத அசல் பிடி இருந்தால் துப்பாக்கியின் மதிப்பே வேறு. சேகரிப்பவர்களுக்கு இதைப்போல இன்னொன்று கிடையாது; இரும்பில் செய்திருக்கும் வேலை அவ்வளவு அழகு. ஆனால் சுடுவதற்கு? குறிபார்க்கும் பின்பக்கக் குறி, சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் மேல் இருக்கிறது, அதோடு சேர்ந்து ஓடுகிறது. முன்குறியோ குழலில். ஸ்லைடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் குறி மாறாமல் இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: 1930களின் தொடக்கத்துக்கு முன் செய்த வுட்ஸ்மேன்களில் அதிவேகத் தோட்டா போடவே கூடாது. அவற்றின் பின்பாகம் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஹை ஸ்டாண்டர்டை எடுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். மிலிட்டரி பிடி கொண்ட சைட்டேஷன், டிராஃபி மாடல்களில் பின்குறி ஸ்லைடில் இல்லை. உடற்சட்டத்தில் பொருத்திய ஒரு பாலத்தின் மேல் நிற்கிறது. ஸ்லைடு அதன் அடியில் முன்னும் பின்னும் ஓட, குறி அசையாமல் அப்படியே இருக்கும். விக்டர் மாடலில் இரண்டு குறிகளுமே குழலின் மேலுள்ள பட்டையில். முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் குழல் கையோடு கழன்று வரும். குட்டையான தடிக்குழலை எடுத்துவிட்டு நீளக் குழலை மாட்டலாம். மிலிட்டரி பிடியின் சாய்வு, அமெரிக்க ராணுவத்தின் .45 கைத்துப்பாக்கியான 1911ஐப் போலவே இருப்பதால், இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடும் புல்ஸ்ஐ (அமெரிக்க இலக்குச்சுடுதல்) போட்டியாளர்கள் இதை விரும்பினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வில்லியம் மெக்மில்லன் விரைவுச்சுடுதலில் தங்கம் வென்றதும் ஹை ஸ்டாண்டர்டில்தான்.

இதில் மதிப்பைத் தீர்மானிப்பது துப்பாக்கியில் பொறித்த ஊர்ப்பெயர். பழைய தொழிற்சாலை இருந்த ஹாம்டன் என்றிருந்தால் தேடிப்போய் வாங்குகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் தொழிற்சாலை கிழக்கு ஹார்ட்ஃபோர்டுக்குப் போனது, 1984ல் மூடியது. அந்தக் காலத் துப்பாக்கிகளிலும் நல்லவை உண்டு, ஆனால் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். பின்னாளில் ஹூஸ்டனில் அதே பெயரில் செய்தவை வேறு கணக்கு. எந்த ஊராக இருந்தாலும் மேகசினின் மேல்உதடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சற்றே உள்நோக்கி, ஒரே அளவில் வளைந்திருக்க வேண்டும். ஒன்று லேசாக விரிந்திருந்தால்கூடத் தோட்டா மூக்கை நிமிர்த்திக்கொண்டு, குழலில் அது போய் உட்காரும் அறையின் வாயில் முட்டும். சாய்ந்த பிடி மாடல்களுக்கான மேகசின் மிலிட்டரி பிடியில் சேராது. வாங்கிய பிறகு இது தெரிந்து தவித்தவர்கள் நிறைய.

ஸ்விட்சர்லாந்தின் ஹெமர்லி 208 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான்கில் மிகச் சிறந்த விசை (டிரிகர்) இதனுடையது. கண்ணாடிக்குச்சி ஒடிவதுபோல விடும். உதிரிபாகம்தான் தலைவலி. உடைந்தால் காத்திருக்க மனம் இருப்பவருக்கே இது.

வால்தர் ஜிஎஸ்பி 1968ல் வந்தது. மேகசின் விசைக்கு முன்னால் இருக்கிறது, ஐந்து தோட்டா. விசைத்தொகுதி மொத்தமும் ஒரே துண்டாக வெளியே வரும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பழைய துப்பாக்கியாக வைத்திருக்க இதைவிடக் கவலையற்றது இல்லை. உள்ளே அதிர்வு தாங்கும் ஒரு சின்னத் துண்டு உண்டு. அது நைந்தால் மாற்றிவிட வேண்டும். அதன் உடன்பிறப்பான ஓஎஸ்பி .22 ஷார்ட் தோட்டாவுக்கானது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் முடிந்ததும், 2005 முதல் விரைவுச்சுடுதலில் ஷார்ட்டைவிட நீளமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவும் 1000 கிராம் விசையழுத்தமும் கட்டாயமாயின. ஒரே விதிமாற்றத்தில் ஓஎஸ்பிக்குப் போட்டியே இல்லாமல் போனது. அதனால் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் .22 ஷார்ட் தோட்டா உங்களுக்குக் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பூச்சில் ஒருமுறை நான் நன்றாக ஏமாந்தேன். கண்ணாடிபோல மின்னிய ஒரு மேட்ச் டார்கெட்டை அசல் பூச்சு என்று நம்பி வாங்கினேன். வீட்டில் உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பாலிஷ் சக்கரத்தில் தேய்த்து மறுபடி ப்ளூயிங் (இரும்பின் கருநீலப் பூச்சு) ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சக்கரத்தோடு போயிருந்தது. ஓரங்கள் வெளுத்த அசல் பூச்சு இதைவிட எவ்வளவோ மேல்.

குழலை ஒரு முனையில் வெளிச்சம் வைத்துப் பார்க்கும்போது நடுவில் இருண்ட வளையம் தெரிந்தால், அடைபட்ட குழலில் யாரோ அடுத்த தோட்டாவைச் சுட்டிருக்கிறார்கள். அறைவாயின் விளிம்பில், தோட்டாவை அடிக்கும் ஊசி குத்திய பள்ளம் இருந்தால், தோட்டா இல்லாமலே விசையை இழுத்து இழுத்துப் பழகியிருக்கிறார்கள். .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் ஊசி அதன் அடிவிளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் அந்த அடி நேராக இரும்பில் விழும்.

பெட்டி, தொழிற்சாலைச் சோதனை அட்டை, எடைக்கட்டிகள் எல்லாம் கூட வந்தால் பாதுகாத்து வைக்கக் கோல்ட். போட்டிக்குத் தினமும் எடுத்துச் செல்ல ஜிஎஸ்பி. ஒன்றே ஒன்றுதான், சுடவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டும் என்றால், ஹாம்டன் பொறித்த மிலிட்டரி பிடி ஹை ஸ்டாண்டர்டைத்தான் சொல்வேன். உதடு வளையாத மூன்று அசல் மேகசின்களோடு வரும் வரை பொறுத்திருந்து வாங்குங்கள்.