மூக்கு கழுவும் பாட்டில்: நான்கு வருடப் பழக்கம்

செக்கிங் செக்ஷனில் எனக்குப் பக்கத்து டேபிளில் நிற்கும் பெண் நேற்று சாயங்காலம் போன் செய்தாள். "மூக்கு கழுவுற பாட்டிலு மெடிக்கல்ல விலை குறைச்சுப் போட்டிருக்காங்க்கா. வாங்கட்டுங்களா? வீட்ல கேன் தண்ணி இருக்குது, அதையே ஊத்திக்கலாமுங்களா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடமாகத் தினமும் அதைப் பயன்படுத்துகிற நானே அப்படிச் சொன்னதில் அவளுக்கு வருத்தம். போனில் சரியாக விளக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றால் பஞ்சு மூக்கில் ஏறத்தான் செய்யும். எனக்கு அதோடு தூசி அலர்ஜியும் சேர்ந்துகொண்டது. எழுந்ததும் அடுக்குத் தும்மல், கன்னத்துக்குள் ஏதோ கனம், ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு. சொட்டு மருந்து போட்டுப் போட்டு, அது இல்லாமல் மூக்கே திறக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். உடனே திறக்கவைக்கும் சைலோமெட்டாசோலின் மாதிரிச் சொட்டுகளைப் பல நாள் தொடர்ந்து போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும் என்று காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சொட்டை நிறுத்தச் சொல்லி, ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் இந்தப் பாட்டிலும் எழுதிக் கொடுத்தார். முதலில் கழுவ வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரே. சளி மேல் அடித்தால் மருந்து உள்ளே ஒட்டாது.

முதல் நாள் வாஷ்பேசினில் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி பாட்டிலை அமுக்கினேன். ஒரு துவாரத்தில் போன தண்ணீர் மற்றதில் வந்தது. அன்று எங்கள் டேபிளில் முழுக்க நேவி புளூ பீஸ். வந்த சளியிலும் நீல இழை. இத்தனை நாள் இதையா உள்ளே வைத்திருந்தேன் என்று அழுகையே வந்துவிட்டது. ஆறேழு வாரத்தில் இன்னொன்று நடந்தது. ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காயம் மணத்தது. அடுப்படியில் நின்று அதை மோந்து பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்! அலர்ஜி இதனால் தீரவில்லை, தீராது. தூசியையும் சளியையும் கழுவி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த அளவே எனக்குப் பெரிய விஷயம்.

என் கோபமெல்லாம் தண்ணீர் விஷயத்தில்தான். பாட்டிலைக் கொடுத்த கடைக்காரர் "குழாய்த் தண்ணியே போதும்" என்றார். டப்பாவின் முன்பக்கம் எவ்வளவு சுலபம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. காய்ச்சிய தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ மட்டும்தான் என்பது உள்ளே மடித்த தாளில் பொடி எழுத்தில். அதைப் படிக்கும் முன் பத்து நாள் கேன் தண்ணீர் ஊற்றியிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறலாம், ஏறினால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இப்படி இறந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு இந்த வகை மூளைக்காய்ச்சல் வந்ததைச் செய்தியில் எல்லாருமே பார்த்தோம். அபூர்வம்தான். ஆனால் கேன் தண்ணீர் குடிப்பதற்கு, மூக்குக்கு அல்ல.

அதனால் தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், நல்ல தண்ணியைத் தனிச் சட்டியில் தளதளவென்று கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விடுகிறேன். ஆறியதும் மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வைத்து, மறுநாளுக்குள் தீர்க்கிறேன். மீந்தால் செடிக்கு. 240 மில்லி பாட்டிலுக்கு ஒரு பாக்கெட், உப்பும் சோடா உப்பும் கலந்தது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது கணக்கு. உப்பில்லாத வெறும் தண்ணீர் உள்ளே சுரீரென்று எரியும். அயோடின் கலக்காத உப்பு மளிகைக் கடையில் சுலபத்தில் கிடைக்காது, ஆகவே பாக்கெட்டையே வாங்குகிறேன். பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்போதும் ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கம் சொக்கும்போது அந்தச் சட்டியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரு நாள்கூட அது குறைந்ததில்லை.

அப்புறம், கழுவும்போது எச்சில் விழுங்காதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு நாள் அடைத்தது. முடிந்ததும் பலமாகச் சிந்தவும் கூடாது. உள்ளே தங்கிய தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்துக் குனியும்போது சொட்டென்று விழும். வெள்ளை பீஸ் மேல் விழுந்து நான் பேச்சு வாங்கியிருக்கிறேன். மூக்கு முழுக்க அடைத்திருக்கும் நாளில் நான் தொடுவதே இல்லை.

நேற்று போனில் நான் சொன்ன கொஞ்சத்தைக் கேட்டுவிட்டு அவள், "அவ்ளோ நல்லதுன்னா வாங்கிக்கறனுங்க்கா, தண்ணி காய்ச்சறதப் பாத்துக்கலாம்" என்றாள். அந்தப் "பாத்துக்கலாம்"தான் எனக்குப் பயம். ஷிப்ட் முடிந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து, பத்து மணிக்கு உட்காருகிறவள். ஒரு நாள் அசதியில் கேனைத்தான் சாய்ப்பாள். வேண்டாம் கண்ணு, விலை குறைந்தாலும் வேண்டாம். முதலில் பதினைந்து நாள் ராத்திரி தண்ணீர் மட்டும் காய்ச்சி ஆறவை. ஒரு நாள்கூட விடாமல் செய்தாயானால் என்னிடம் சொல், பாட்டிலை நானே வாங்கித் தருகிறேன்.