ஏழு வருடமாக ஜாஸ் குழுவில் இங்கிலிஷ் கான்செர்டினா: பாதி நோட் எங்கே போகிறது?

போன வாரம்தான் சர்வீஸ் முடிந்து என் கான்செர்டினா, நடுவில் துருத்தியும் இரு பக்கமும் பொத்தான்களும் உள்ள சின்னக் கருவி, கைக்கு வந்தது. அதற்கு முன் நடு ஸ்தாயியில் ஜி என்ற நோட், துருத்தியை அமுக்கினால் தயங்கித்தான் பேசும். இழுத்தால் ஒழுங்காக வரும். 48 பொத்தான், அமுக்க ஒன்று இழுக்க ஒன்றாக 96 ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோகத் தகடு). அதில் அமுக்கும்போது ஒரு இழுப்பு ரீடை மூட வேண்டிய தோல் நாக்கு சுருண்டுபோய்க் காற்று கசிந்திருக்கிறது. நகத்தளவு தோல்தான், ஆனால் ஜாஸின் ஊஞ்சல் போன்ற ஸ்விங் நடையையே இடறவைத்தது. மாற்றியாயிற்று. ஏழு வருடமாகத் தீராத குறை வேறு.

எங்களோடு சாக்ஸபோன் வாசிக்கும் நண்பர், "ஜாஸுக்கு நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்த சார்லஸ் வீட்ஸ்டன் 1829 காப்புரிமையிலேயே காட்டிவிட்ட பொத்தான் அமைப்பு இது. ஸ்டாஃபில், அதாவது நோட்டுகளை எழுதும் ஐந்து கோட்டில், கோட்டிலேயே உட்காரும் நோட்டெல்லாம் இடது கை, இடைவெளியில் வருவதெல்லாம் வலது கை. ஜாஸ்காரனுக்கு இது வரம். சி, ஈ, ஜி, பி நான்கும் இடது பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டி, எஃப், ஏ, மேல் சி அப்படியே வலது பக்கம். சி-யும் ஜி-யும் ஒரே வரிசையில் ஒட்டி இருப்பதால் ஒரு விரல் நுனியே இரண்டையும் அமுக்கிவிடும். கார்டின் அடி நோட்டான ரூட்டை டபுள் பாஸ் பார்த்துக்கொள்ளும்போது, அதிலிருந்து மூன்றாவது நோட்டையும் ஏழாவது நோட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு துருத்தியை மெல்ல இறுக்கினால், கார்டு நம் மூச்சோடு சேர்ந்து வளர்வது போல இருக்கும். பியானோவில் அடித்த பிறகு நோட்டை வளர்க்க முடியாது. இதில் முடியும்.

சரி, இனி கோபம். அதே அமைப்பால் ஸ்கேல் வாசிக்கும்போது ஒவ்வொரு நோட்டும் பக்கம் மாறும், ஒலியும் அந்தந்தப் பக்கத்திலிருந்தே வரும். மேடையில் ஒரே மைக்கை வலது பக்கம் வைத்தால் இடது கை நோட்டெல்லாம் தூரத்தில் போய்விடும். அதைவிட மோசம் அரை அரை ஸ்வரமாக ஏறும் குரோமாட்டிக் ஓட்டம். சி-யும் சி ஷார்ப்பும் இடது, டி-யும் டி ஷார்ப்பும் வலது. இரண்டு நோட் மங்கலாக, இரண்டு நோட் பளிச்சென்று வரும். நான் எங்கோ வைத்த அழுத்தம் வேறெங்கோ போய் விழுகிறது. ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டேன், என் சோலோ பல் விழுந்த சீப்பு போல இருந்தது. இரவெல்லாம் பழகிய வரிகள் அவை.

இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு சின்ன மைக் மாட்டினால் சரியாகிறது. ஆனால் பொத்தான் தட்டும் சத்தமும் கூடவே ஏறுகிறது, கேபிள் துருத்தியை இழுக்கிறது. அதற்கும் ஒவ்வொரு மேடையிலும் "ஒரு கருவிக்கு எதற்கு இரண்டு சேனல்?" என்ற அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்ல வேண்டும். கருவி மேல் பழி போடுவது நியாயமில்லைதான். பெரிய மேடைக்காகவோ டிரம்ஸோடு மல்லுக்கட்டவோ அது பிறக்கவில்லை. இருந்தாலும் ஏழு வருடம் நீண்ட காலம்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் நம் அடுத்த ஒத்திகையில் மைக் இல்லாமல், டிரம்ஸில் குச்சிக்குப் பதில் பிரஷ் மட்டும் வைத்து, மெதுவான பாட்டு ஒன்றை வாசிக்கிறோம். நீங்கள் வாசிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு நேர் எதிரே உட்காருங்கள், பக்கவாட்டில் வேண்டாம்.